எங்கள் திரைப்படக் கழகத்தின் 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கும், இனிமேல் கட்டப்போகிற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு ஒன்பது படங்கள் திரையிட்டோம். எட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டுக்கு ஒலி சரியில்லை. ஒன்றைத் தலைவரும் நானும் வாட்ச்மேனும் மட்டும் பார்த்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே ஒன்பதாவது படத்துக்கு வருகிறேன்.

பாப்ஸ்ட் இயக்கிய ‘லத்லாந்தீத்’ (பிரெஞ்சில் அட்லாண்டிஸ்), 1932. பியர் பெனுவா 1919-இல் வெளியிட்ட நாவலிலிருந்து எடுத்தது. கடலில் மூழ்கியதாக மேலைநாட்டுப் பழங்கதை சொல்லும் அட்லாண்டிஸ் கடலுக்கடியில் இல்லை, சஹாராவில் ஹொகார் மலைகளுக்குள் ஒளிந்திருக்கிறது, அங்கே அந்தினேயா என்ற ராணி ஆள்கிறாள் என்பது கதை. நம் கதையில் கடல் வந்து நிலத்தை விழுங்கியது. அவர்கள் கதையில் கடல் வற்றி மணலாகிவிட்டது. (தமிழாசிரியர் இங்கே குமரிக்கண்டத்தைத் தொடங்கினார். மணி எட்டரை ஆகியிருந்ததால் தலைவர் முடித்துவைத்தார்.)

நவம்பர் 30-க்குத்தான் முதலில் குறித்திருந்தோம். அன்றிரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. கூடத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். திரை நனைந்து வீணானதால், ஜனவரியில் ஒரு வேட்டியைக் கட்டித்தான் படம் போட்டோம். அப்புறம்தான் தெரிந்தது, குறுந்தகட்டில் சப்டைட்டிலே இல்லை. விற்றவர் இருக்கிறது என்று சத்தியம் செய்திருந்தார்.

காப்பாற்றியவர் நாம் எல்லோரும் முசே என்று கூப்பிடும் மூத்த உறுப்பினர். இளவயதில் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, அல்ஜீரியாவில் இருந்தவர். முன்வரிசையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, கழுத்தை வளைத்துத் திரையைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குத் தமிழில் சொன்னார். நீளமான வசனம் வந்தால், “சும்மா பேசுறாங்க, விடுங்க” என்பார். மணல் காட்சிகளில் மட்டும் படத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னார்: ரொட்டியில் மணல், காதில் மணல், துப்பாக்கிக்குள் மணல். ஆண்கள் ஏன் முகத்தை மூடியிருக்கிறார்கள் என்று ஒரு அம்மா கேட்டதற்கு, “துவாரெக் ஆளுங்கம்மா, அங்கே ஆம்பளைங்கதான் முக்காடு போடுவாங்க” என்றார். அந்த அம்மாவுக்கு அன்றைக்குப் படத்தைவிட அதுதான் பிடித்திருந்தது.

அந்தினேயாவாக நடித்தவர் பிரிகித்தே ஹெல்ம், ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் இயந்திரப் பெண். பின்குரல் (டப்பிங்) சேர்க்கும் வழக்கம் வேரூன்றாத காலம். ஒரே கதையை ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என மூன்று மொழியில் மூன்று படமாக எடுத்தார்கள். மூன்றிலும் ராணி இவரே. மோராஞ்ஷ் என்ற அதிகாரியாக வரும் ழான் ஆஞ்செலோ, இதே கதையை ஃபெய்டர் 1921-இல் எடுத்த மௌனப்படத்திலும் அதே வேடம் போட்டவர். அந்தினேயாவின் பேச்சைக் கேட்டு நண்பன் கொல்வது அவரைத்தான். பாவம், பதினோரு வருடத்தில் இரண்டு தடவை.

படத்தின் நடுவில் ஒரு பாத்திரம், அந்தினேயாவின் தாய் பாரிஸில் கான்கான் நடனம் ஆடியவள் என்று கதை சொல்கிறது. கூடத்தில் சண்டையே வந்துவிட்டது. ராணி என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். எனக்கு அதுதான் படத்தின் உயிர். தொலைந்த நாகரிகம் என்று தேடிப்போனவன் எதிரே வருவது அவன் ஊர்ப்பெண்ணாகவே இருக்கலாம் என்பதைப் படம் உறுதியாகவும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

மறுவாரம் பதினான்கு பேர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேடு போனோம். 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டி ரோமானியச் சாடிகளின் ஓடுகளை எடுத்த இடம். அந்தக் குழிகள் எல்லாம் மூடியாகிவிட்டன. இன்று கண்ணுக்குத் தெரிவது பிற்காலப் பாதிரிமார் கட்டடத்தின் செங்கல் சுவரும், மரங்களும், அரியாங்குப்பம் ஆறும், கொசுவும்தான். ராணியின் பிரம்மாண்டமான கல்தலையைப் படத்தில் பார்த்துவிட்டு வந்த பையன் ஒருவன், “சிலை எங்கே?” என்று என்னிடமே கேட்டான். அவன் அம்மா மண்ணிலிருந்து ஒரு பானை ஓட்டை எடுத்துக் காட்டி, திரும்ப அங்கேயே வைத்தார்.

ஜெர்மன் வடிவத்தையும் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நான் கொண்டுவந்த தீர்மானம், நாற்காலி வாங்க வேண்டும் என்பதால் தோற்றது. சரி. ஆனால் பிரெஞ்சுப் படத்தை இன்னொரு முறை போட வேண்டும் என்று முசே எழுத்து மூலம் கேட்டிருக்கிறார். ராணி சதுரங்கம் ஆடும் காட்சியில் வேட்டி மேல் ஒரு பல்லி வந்து உட்கார்ந்துவிட்டதாம். எந்தக் காயை நகர்த்தி ஜெயித்தாள் என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம்.