ஜிம் கெலியின் பெயருக்கு எதிரே இட்ட பூச்சியம்

ஆசிரியர் அவர்கட்கு,

அமெரிக்க உதைபந்தாட்டத்தின் தலைசிறந்த குவார்ட்டர்பாக் (பந்தைக் கையால் எறிந்து அணியின் தாக்குதலை நடத்தும் வீரர்) யார் என்பது பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த சிறு கட்டுரையை வாசித்தேன். கட்டுரையாளர் வீரர்களின் பெயர்களை வரிசையாக இட்டு, ஒவ்வொருவருக்கும் எதிரே அவர் வென்ற சுப்பர் போல் (அவ்விளையாட்டின் வருடாந்த இறுதியாட்டம்) பட்டங்களின் தொகையை எழுதி, அத்தொகையின்படியே தரமும் பிரித்திருந்தார். ரொம் பிறேடிக்கு 7, ஜோ மொன்ரானாவுக்கு 4, ஜிம் கெலிக்குப் பூச்சியம். அந்தப் பூச்சியத்தைப் பற்றியே இக்கடிதம்.

நான் எண்பதுகளின் இறுதியில் கனடா சென்று, ஸ்காபரோவில் இருபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்து ஊர் திரும்பியவன். கெலி விளையாடிய பவலோ நகரம் ரொறன்ரோவிலிருந்து காரில் இரண்டு மணித்தியாலத் தூரம். அக்காலத்தில் எம்மவர் பலர் எல்லை கடந்து கனடாவுக்குள் நுழைந்ததும் அந்நகரின் வழியாகத்தான். ஆகவே அண்ணரின் வீட்டு பேஸ்மென்றில் பனிக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கென்று ஓர் அணி இருந்ததென்றால் அது பவலோ பில்ஸ்தான். பக்கச்சார்பு எனக்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

இந்த ஆட்டத்தில் பந்தை முன்னெடுத்துச் செல்வோர் பதினொருவர், எதிரணியைத் தடுப்போர் வேறு பதினொருவர். மூன்று புள்ளிக்காகக் கம்பங்களுக்கிடையே பந்தை உதைப்பவரோ இவ்விரு கூட்டத்திலும் சேராத தனி ஆள். குவார்ட்டர்பாக் எறிவார், அல்லது பந்தை இன்னொருவரிடம் கொடுப்பார். தடுக்கவும் மாட்டார், உதைக்கவும் மாட்டார். அப்படியிருக்க, அணி வென்ற பட்டத்தை முழுவதுமாக அவர் ஒருவரின் கணக்கில் எழுதுவது எவ்வாறு பொருந்தும்?

1991 ஜனவரி 27ஆம் திகதி ராம்பா (Tampa) நகரில் நடந்த சுப்பர் போல் இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். அறுபது நிமிட ஆட்டத்தில் நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணி 40 நிமிடமும் 33 விநாடியும் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. எஞ்சிய நேரத்திலே கெலி ஆடினார். அவர் எறிந்த ஒரு பந்துகூட எதிரணியிடம் அகப்படவில்லை. ஆட்டம் முடிய 2 நிமிடமும் 16 விநாடியும் இருக்கையில், 20க்கு 19 என்று பின்தங்கிய நிலையில், தமது எல்லையின் 10 யார் (yard) கோட்டிலிருந்து தொடங்கி எதிரணியின் 29 யார் கோடுவரை அணியைக் கொண்டு வந்து சேர்த்தார். எட்டு விநாடிகள் மிஞ்சியிருந்தன. எங்கள் அணியின் உதைப்பாளர் ஸ்கொற் நோர்வுட் 47 யாரிலிருந்து உதைத்த பந்து வலக் கம்பத்துக்கு வெளியே போயிற்று. அண்ணர் தொலைக்காட்சியை நிறுத்தவும் இல்லை, எழும்பவும் இல்லை. தேநீர் ஆறி ஆடை படரும்வரை கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தார்.

பதினொரு வருடங்களின் பின், 2002 பெப்ரவரி 3ஆம் திகதி நியூ ஓர்லியன்ஸில், 17க்கு 17 என்ற சமநிலையில் இளம் பிறேடியும் கடைசி நிமிடத்தில் தம் அணியை இவ்வாறே முன்னே கொண்டு வந்தார். அவ்வணியின் உதைப்பாளர் அடம் வினத்தியேரி 48 யாரிலிருந்து உதைத்தார். பந்து கம்பங்களுக்கிடையே சென்றது. பிறேடியின் ஏழில் முதலாவது அது. இரு குவார்ட்டர்பாக்குகளும் செய்த வேலை ஏறத்தாழ ஒன்றே. பந்தைக் காலால் உதைத்தவர் மட்டும் வேறு ஆள். கெலி ஓர் உதையால் இழந்ததைப் பிறேடி ஓர் உதையால் பெற்றாரென்றால், அந்தப் பட்டம் எவருடைய திறமையை அளக்கிறது?

சங்கக்காரவை நினைத்துப் பார்த்தால் நம் வாசகருக்கு இது எளிதில் விளங்கும். 2007, 2009, 2011, 2012 என நான்கு உலகக் கிண்ண இறுதிகளில் தோற்ற அணிகளில் அவர் இருந்தார். 2014 ஏப்ரலில் டாக்காவில் ஆட்டமிழக்காமல் 52 ஓட்டங்கள் பெற்று ஒரு கிண்ணத்தை வென்றார். அந்த இரவு வேறு விதமாக முடிந்திருந்தால், அதற்கு முந்தைய நாள் வரை அவர் அடித்த ஓட்டங்களெல்லாம் பொய்யாகிவிடுமா?

கெலியிடம் குறை இல்லையென்று நான் சொல்லவில்லை. வோஷிங்டனுக்கு எதிரான அடுத்த வருட இறுதியாட்டத்தில் நான்கு பந்துகளை எதிரணியிடம் எறிந்து கொடுத்தவர் அவரேதான். அந்தத் தோல்வியில் உதைத்தவரைக் குறை சொல்ல முடியாது. 1993 ஜனவரியில் ஹியூஸ்டனுக்கு எதிராக 35க்கு 3 என்று பின்தங்கிய அணியை மீட்டு 41க்கு 38 என்று வெல்ல வைத்தவரும், கெலி காயப்பட்டிருந்தபடியால் அவரிடத்தில் ஆடிய பிராங்க் றைக். கெலியைக் குறைத்துப் பேசுவோர் இதை எடுத்து வைக்கும்போது என்னிடம் நல்ல பதில் இருந்ததில்லை.

ஆயினும் ஒரு குவார்ட்டர்பாக்கை எடைபோட நான் பார்ப்பது அவரது கைக்குள் இருந்தவற்றைத்தான். மற்ற அணிகள் ஒவ்வோர் எறிவுக்கும் முன் வட்டமாகக் கூடி, பயிற்றுநர் அனுப்பும் திட்டத்தைக் கேட்டு நிற்கையில், கெலியின் அணி கூடாமலே நேராக வரிசையில் போய் நின்றது. எதிரணியினர் ஆளை மாற்றவும் மூச்சு வாங்கவும் முன்பே, அவர்கள் நிற்கும் விதத்தைப் பார்த்து, என்ன ஆடுவதென்பதைக் கெலி தாமே தெரிந்து சத்தமிட்டுச் சொல்வார். பந்து கைக்கு வந்தபின் எறிய இருப்பது ஏறத்தாழ மூன்று விநாடி. அன்று அந்தப் பொறுப்பை இவ்வளவு முழுமையாகத் தம் வீரரிடம் ஒப்படைத்த பயிற்றுநர்கள் மிகச் சிலர். 2002இல், தகுதி பெற்ற முதல் வருடத்திலேயே, ஒரு பட்டமும் இல்லாத அவரை இவ்விளையாட்டின் தலைசிறந்தோருக்கான புகழ் மண்டபத்துக்குத் தெரிவு செய்தவர்கள் இதையெல்லாம் கண்டிருந்தார்கள்.

பிறேடி முதலிடத்தில் இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. 2017இல் 28க்கு 3 என்ற நிலையிலிருந்து அற்லாண்டாவை வென்ற ஓர் ஆட்டமே அதற்குப் போதும். கெலி காலத்து இன்னொரு குவார்ட்டர்பாக்கான டான் மரினோவையும் மொன்ரானாவையும் கெலிக்கு மேலே வைத்தாலும் வாதாட மாட்டேன். கட்டுரையாளர் மீண்டும் ஒரு பட்டியல் இடுவாரானால், கெலியின் பெயருக்கு எதிரே பூச்சியத்தோடு 4 என்ற எண்ணையும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்தடுத்து நான்கு வருடங்கள் அந்த இறுதியாட்டத்துக்கு வந்த அணி இன்றுவரை அவருடையது ஒன்றே.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.