ஒன்றாம் வகுப்பு வாசிப்புப் பணி: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஆண்டுப் பேரவைக்கு வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்கள், பெற்றோர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் சங்கம் ஒரே வேலையில்தான் முழுக் கவனத்தையும் வைத்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, முன்பு பார்த்தே இராத ஒரு சொல்லைத் தானே எழுத்துக்கூட்டி வாசித்துவிட வேண்டும். விளையாட்டு விழா, மரக்கன்று நடுதல் எல்லாம் வழக்கம்போல நடந்தன. அவற்றைத் துணைச் செயலாளர் தம் குறிப்பில் சொல்வார்.

தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளில் தொடங்கி, 2023–24இல் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அதற்குப் பயிற்சி நூலும் ஆசிரியர் கையேடும் இருக்கின்றன. நாம் புதிதாக ஒரு பாடத்திட்டத்தைக் கொண்டுபோய் இறக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். ஐந்து வகுப்பையும் இருவர் பங்குபோட்டுப் பார்க்கும் இடத்தில், ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பதற்கு நேரம் இருப்பதில்லை. அந்த நேரத்தைக் கொடுப்பதும், எழுத்தட்டைகள் செய்து தருவதும்தான் நம் பங்கு.

முதலில் ஒரு வழக்கத்தை நிறுத்தினோம். ஆண்டு விழாவில் ‘க ங ச ஞ’ வரிசையைப் பிழையில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்குச் சங்கம் கொடுத்துவந்த பரிசு இனி இல்லை. கூட்டத்தோடு ராகம் போட்டுச் சொல்லும்போது எல்லாப் பிள்ளைகளும் தெரிந்தவர்களாகவே தெரிவார்கள். அதே பிள்ளையிடம் நடுவிலிருந்து ‘ந’வைக் காட்டினால், ‘க’விலிருந்து மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துத்தான் பதில் வரும். பாடப் பக்கத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லை நோக்கி வாசிக்கச் சொல்லுங்கள், படத்தைக் கையால் மறைத்துவிடுங்கள். மனப்பாடமா வாசிப்பா என்பது அரை நிமிடத்தில் விளங்கிவிடும்.

அட்டைகளை அகர வரிசையில் கொடுக்கவில்லை. ‘அ’வும் ‘இ’யும் வரிசையில் முன்னால் நின்றாலும் சுழியும் வளைவும் மிகுந்தவை, ஐந்து வயதுக் கைக்குக் கடினம். ‘ட’ இரண்டு கோடு, ‘ப’ மூன்று கோடு, அதிலிருந்து வளைத்தால் ‘ம’. இந்த மூன்றோடு புள்ளியையும் முதல் வாரத்திலேயே சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று உடனே சொற்கள் கிடைக்கின்றன. ‘க’, ‘ய’ வந்ததும் பயம், பக்கம், கட்டம், கம்பம், மயக்கம். பொருளுள்ள சொல் முதல் வாரத்திலேயே வாயில் வந்துவிட்டால் பிள்ளை அடுத்த அட்டையைத் தானே கேட்கும்.

புள்ளியில் ஒரு சிக்கல் உண்டு. மெய்யெழுத்துகளை ‘இக், இட், இம்’ என்று பெயர் சொல்லிப் பழக்குகிறோம். பிள்ளை அந்தப் பெயரையே சேர்த்து ‘ப, ட, இம்... படயிம்’ என்று வாசித்து நிற்கிறது. கூட்டி வாசிக்கும்போது பெயரை விட்டுவிட வேண்டும்: ‘ப, ட’ என்று சொல்லி உதட்டை மூடிக் காட்டினால் போதும். புள்ளியையே கவனிக்காமல் ‘படம’ என்று வாசிக்கும் பிள்ளைகளும் உண்டு. கணினியில் அச்சிட்ட அட்டைகளில் புள்ளி கடுகளவு இருந்ததே அதற்குப் பாதிக் காரணம். கையால் எழுதிய அட்டைகளில் புள்ளியைச் சிவப்பில் பெரிதாக வைத்தோம்.

ஆண்டின் பெரும்பகுதி உயிர்மெய்க்கே போனது. துணைக்காலில் தொல்லை குறைவு; ‘ர’வுக்கும் காலுக்கும் வேறுபாடு தெரிய, ‘ர’வின் அடியில் உள்ள சாய்கோட்டை அழுத்தி எழுதினால் சரி. உண்மையான முட்டுக்கட்டை கொம்பு. காதுக்கு மெய்தான் முதலில் கேட்கிறது, கண்ணுக்குக் கொம்புதான் முதலில் படுகிறது. ‘பலகை’ என்ற சொல்லில் ‘ை’ என்னும் இணைக்கொம்பு ‘ல’வுக்கும் ‘க’வுக்கும் நடுவில் நிற்கிறது. பிள்ளை அதை முன்னால் உள்ள ‘ல’வோடு ஒட்டி ‘பலைக’ என்கிறது. இதைக் கவனக்குறைவு என்று அதட்டுவது தவறு. இடமிருந்து வலம் போகக் கற்றுக்கொடுத்ததே நாம்தான். எழுத்துகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு, ‘கை’யை ஒரே அட்டையில் எழுதி, இரண்டு விரலால் சேர்த்துத் தொடவைத்தபோது இந்தப் பிழை குறைந்தது. ‘கொ’, ‘கோ’ இரண்டும் ‘கெ’, ‘கே’ நன்றாகப் பதிந்த பிறகுதான். ‘கௌ’வைக் கடைசிக்குத் தள்ளினோம். அதன் வலப்பாதி ‘ள’ போலவே இருப்பதால் ‘கௌதாரி’யைக் ‘கெ, ள, தாரி’ என்று வாசிப்பதில் பிள்ளையின் தப்பு ஒன்றுமில்லை.

வீட்டில் தாத்தா பாட்டி எழுதிக் காட்டும் ‘லை’, ‘னை’ பழைய துதிக்கை வடிவத்தில் இருக்கக்கூடும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்களுக்குக் கை அப்படித்தான் போகும். அதை அடித்துத் திருத்த வேண்டாம், ‘இது பழைய எழுத்து’ என்று சொன்னால் போதும்.

உகர, ஊகார வரிசைகளுக்கு ஒரே விதி என்று சொல்லிக்கொடுத்தால் மாட்டிக்கொள்வோம். மூன்று குடும்பமாகப் பிரித்தோம்: சுழித்துக் கீழே வளையும் கு, டு, மு, ரு, ழு, ளு, கோடு நேராக இறங்கும் சு, பு, யு, வு, இறங்கி வலப்பக்கம் மேலேறும் து, நு, ணு, லு, று, னு. நெடிலில் ‘கூ’வும் ‘சூ’வும் தனியாக ஒரு சோடி. இகர, ஈகார வரிசைகளில் ‘டி’, ‘டீ’ இரண்டும் வழிதப்பியவை. கண்ணாடித் தாளில் எழுதிய மேல்விலங்கை, அதாவது ‘ி’ குறியை, மற்ற எழுத்துகளின் மேல் வைத்துக் காட்டலாம், ‘ட’வின் மேல் வைத்தால் பொருந்தாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் அட்டை செய்து, இரண்டாவது முறை செய்ய வேண்டியதாயிற்று.

சொல்வதெழுதுதலில் ‘மரம்’ என்றால் ‘மர’ என்றும், ‘வந்தான்’ என்றால் ‘வந்தா’ என்றும் எழுதுவதைப் பெற்றோர் பலர் குறையாகச் சொன்னார்கள். பேச்சில் கடைசி மகரமும் னகரமும் மூக்கொலியாகக் கரைந்துவிடுகின்றன. பிள்ளை கேட்டதை நேர்மையாக எழுதியிருக்கிறது. சொல்லும்போது கடைசி எழுத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். ல, ள, ழ வேறுபாட்டை எழுத்தில் முதல் ஆண்டிலேயே கறாராகப் பார்ப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ‘வாளப்பளம்’ என்று எழுதும் பிள்ளை ஒலியை எழுத்தாக்கத் தெரிந்த பிள்ளை.

அட்டைக் கணக்கு, அடுத்த ஆண்டு செய்பவர்களுக்காக: 22க்கு 28 அங்குலச் சார்ட் ஒன்றில் ஐந்தரைக்கு 7 அங்குல அட்டைகள் 16 வரும். உயிர் 12, அகர உயிர்மெய் 18, ஆய்தம் 1 ஆக 31. இரண்டு சார்ட் போதும், ஒன்று மீதி. உகர, ஊகார வரிசையில் ஙகரத்தையும் ஞகரத்தையும் விட்டுவிட்டால் சரியாக 32, இன்னும் இரண்டு சார்ட். குறிகளுக்கு ஐந்தாவது. ஸ்கெட்ச் பேனா வேண்டாம், வியர்வைக் கையில் ஒரே வாரத்தில் கரைகிறது, அழியாத மார்க்கர்தான். லேமினேஷனும் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுப் பளபளத்து, பின்வரிசைக்கு எழுத்தே தெரிவதில்லை. நன்கொடையாக வரும் 247 எழுத்துச் சார்ட் எந்தப் பள்ளியிலும் விட்டத்துக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. கொடுப்பவர்கள் பிள்ளையின் கண்மட்டத்தில் மாட்ட ஆணியையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

தனித்தனியாகக் கேட்பதற்கு ஒரு பிள்ளைக்கு 4 நிமிடம். 25 பேர் என்றால் 100 நிமிடம், ஒரே நாளில் ஆகாது. நாளுக்கு 5 பேராக ஒரு வாரம். சொற்கள் 10: படித்த எழுத்துகளால் ஆன தெரிந்த சொல் 5, பாடத்தில் வராத சொல் 3, ‘கமிடு’, ‘டபோல்’ போலப் பொருளே இல்லாத சொல் 2. கடைசி இரண்டையும் வாசிக்கிற பிள்ளைக்கு எழுத்து கைவந்துவிட்டது. மதிப்பெண் போடுவதில்லை. எந்தக் குறியில் தடுக்கிற்று என்று மட்டும் நோட்டில் குறிக்கிறோம். தவறிய இடத்தில், வாசிக்கச் சொல்லிக் கேட்கும் நம் தொண்டர்கள் முந்திக்கொண்டு விடையைச் சொல்லிவிடுவதுதான் இந்த ஆண்டு முழுக்கத் தீராத குறை. மனத்துக்குள் ஐந்து எண்ணிவிட்டு வாய் திறக்கும்படி சொல்லியிருக்கிறோம்.

வடகிழக்குப் பருவமழை விடுமுறையும் தீபாவளியும் விழுகிற வாரங்களில்தான் கொம்புக் குறிகளும் வருகின்றன. அப்போது மூன்று நாள் வராத பிள்ளை பொங்கல் வரை அதே இடத்தில் நிற்கிறது. ஆகவே வரும் ஆண்டு நவம்பர் கடைசி வாரத்தில் புதுக் குறி எதையும் தொடாமல், விட்டுப்போன பிள்ளைகளை மட்டும் கேட்பது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அந்த வாரத்துக்குக் காலை 9.30 முதல் 10.30 வரை வரக்கூடிய உறுப்பினர்கள் இன்றே பெயர் கொடுத்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

செயலாளர்