தண்ணீரை அளந்தவரையும் மண்ணை அளந்தவரையும் காட்ட உதவிய கைகளுக்கு

அன்பின் தோட்டத்து உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை மண்டபத்தில் மூன்று பேரின் வாழ்க்கையைக் காட்சிக்கு வைத்தோம். அதற்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லவே இந்த மடல். யார் எதைத் தந்தார் என்பதோடு, அது எப்படி வேலை செய்தது, எங்கே பிசகும் என்பதையும் எழுதுகிறோம். அடுத்த தோட்டத்தில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு அந்த அளவுகள் தேவைப்படும்.

முதல் நன்றி இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியைக்கு. பிறந்த ஆண்டு, பட்டம், பதவி என்று சுவரில் ஒட்டாதீர்கள், அந்த மனிதர் எதை அளந்தார் என்று காட்டுங்கள் என்றவர் அவர்தான். மண்டபம் முழுவதும் அந்தச் சொல்லின்படியே அமைந்தது.

தண்ணீரை அளந்தவர் டி. ஜே. விமலசுரேந்திர. 1874இல் காலியில் பிறந்தவர், அரசாங்கப் பொறியியலாளர். தங்கம் இருக்கிறதா என்று பார்க்க இந்த மலைகளுக்கு அனுப்பப்பட்டபோது, அவர் கண்ணில் பட்டவை லக்ஷபான, அபர்டீன் நீர்வீழ்ச்சிகள். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூலில் சிறிய மின்நிலையம் கட்டினார். மஸ்கெலியா ஓயாவிலும் கெஹெல்கமு ஓயாவிலும் எவ்வளவு மின்சாரம் கிடக்கிறது என்பதைக் கணக்கிட்டு 1918இல் பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரையாக வாசித்தார். அந்த மின்திட்ட வேலை தொடங்கி நின்றுபோனது. உத்தியோகத்தை விட்டு 1931இல் அன்றைய சட்டசபையான அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கேயும் அதையே பேசினார். லக்ஷபான மின்நிலையம் இயங்கியது 1950இல். அவர் மறைந்தது 1953இல். கணக்குக்கும் விளக்குக்கும் இடையில் 32 ஆண்டுகள்! தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் குப்பி விளக்கு எரிந்த காலம் அதன்பின்னும் நீண்டது என்பதையும் அதே பலகையில் எழுதி வைத்தோம். எழுதாமல் விட மனம் வரவில்லை.

அவருடைய கணக்கைப் பிள்ளைகள் கையால் தொட வேண்டும் என்றுதான் மலையிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீரில் சக்கரம் சுற்ற வைத்தோம். 20 லீற்றர் பெயின்ற் வாளியைப் பீலியடியில் வைத்து நேரம் பிடித்துத் தந்தவர்கள் பீலிக்கரைக்கு வரும் பெண்கள். பத்து விநாடியில் நிரம்பியது. ஆகவே விநாடிக்கு 2 லீற்றர். ஒரு முறை பார்த்துவிட்டு நம்பக்கூடாது. மழைக்கு மறுநாள் ஒரு கணக்கு வரும், மார்ச் வெயிலில் இன்னொரு கணக்கு வரும். குறைந்த கணக்கை வைத்தே சக்கரம் செய்ய வேண்டும்.

உயரத்தை அளந்து தந்தவர் மேசன் பாஸ். தண்ணீர் நிரப்பிய வெள்ளைக் குழாயைப் படிப்படியாக இறக்கி 18 மீற்றர் என்றார். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் மட்டம் பொய் சொல்லும் என்று, ஒவ்வொரு படியிலும் குழாயைத் தட்டித் தட்டிக் குமிழியை வெளியேற்றினார்.

60 மீற்றர் நீளத்துக்கு இரண்டு அங்குலப் பிவிசி குழாயை இனாமாகத் தந்த வன்பொருள் கடைக்காரருக்கு இரட்டை நன்றி. ஒரு அங்குலக் குழாய் போதும், மலிவு என்று பலர் சொன்னார்கள். போதாது. இரண்டு அங்குலத்தில் 2 லீற்றர் ஓடும்போது உராய்வில் இழப்பது ஒன்றேகால் மீற்றர் உயரம் மட்டுமே. ஒரு அங்குலத்தில் அதே 2 லீற்றரைத் தள்ள 40 மீற்றருக்கு மேல் வேண்டும். நம்மிடம் இருப்பதோ 18. குழாயின் மேல்வாய் தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் சுழி விழுந்து காற்றை இழுக்கும். வழியில் குழாய் மேடேறி இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கித் தண்ணீரை மறிக்கும்.

அடிவாரத்தில் வைத்த வால்வு, மெல்லத் திருகி மூடும் வகை. சட்டென்று மூடும் கைப்பிடி வால்வு வைத்தால், ஓடி வந்த தண்ணீர் மோதி, 18 மீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தம் ஒரு கணத்தில் 60 மீற்றர் உயரத்துக்குரிய அழுத்தத்தை எட்டும். ஒட்டிய மூட்டு பிளந்துவிடும்.

சக்கரத்தைச் செய்து தந்தது ஹட்டன் பக்கத்து வெல்டிங் கடை. கூலி வாங்கவில்லை. தண்ணீர் சக்கரத்தில் பாயும் குழாயின் நுனித்துளை 12 மில்லிமீற்றர். அதிலிருந்து தண்ணீர் விநாடிக்குப் பதினேழரை மீற்றர் வேகத்தில் பாயும். அந்தத் தண்ணீரை வாங்கும் சக்கரத்துக் கிண்ணம் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் ஓடினால்தான் வலு முழுதாக இறங்கும். 20 சென்ரிமீற்றர் சக்கரத்துக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 780 சுற்று. சுற்றிலும் 22 கிண்ணங்கள், ஒவ்வொன்றும் 36 மில்லிமீற்றர் அகலம், நடுவே கத்திபோல ஒரு மேடு. அந்த மேட்டை விட்டுவிட்டுக் கரண்டியைப் பற்றவைப்பவர்கள் உண்டு. தண்ணீர் இரண்டாகப் பிரியாமல் ஒரு பக்கமாகத் தெறித்தால், வலுவும் போகும், அச்சு பக்கவாட்டில் தள்ளப்பட்டுப் பெயாரிங்கும் தேயும்.

கராஜ்காரத் தம்பி தந்த நிரந்தரக் காந்த மோட்டரைப் பட்டி போட்டுச் சுழற்றி மின்சாரம் எடுத்தோம். கணக்கு நேர்: புவியீர்ப்பு 9.81 பெருக்கல் 2 லீற்றர் பெருக்கல் உராய்வு போக மிஞ்சும் உயரம் 16.7, அதாவது சுமார் 328 வாற்று. பட்டியிலும் மோட்டரிலும் போனது போகப் பாதி கையில் கிடைத்தால் நல்ல வேலை. பல்புகளை அணைத்தால் சக்கரத்துக்குச் சுமை இல்லாமல் வேகம் இரட்டிப்பாகப் பாயும், மின்னழுத்தமும் ஏறி, திரும்பப் போடும் பல்பு கருகும். அதற்காக, அணைக்கும் மின்சாரமெல்லாம் தண்ணீர் வாளிக்குள் கிடக்கும் சூடாக்கிக்குப் போகும்படி இணைத்துத் தந்தவர் சிங்கள நண்பரான ஓர் எலக்ட்ரீஷியன். பிள்ளைகள் வாளித் தண்ணீரைத் தொட்டுப் பார்க்க விரும்புவார்கள். மூடி போட்டு வையுங்கள்.

மண்ணை அளந்தவர் பேராசிரியர் அழகையா துரைராஜா. 1934இல் வடமராட்சியில் பிறந்து, கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்று, பேராதனைப் பொறியியல் பீடத்தில் படிப்பித்தவர், பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1994இல் மறைந்தார். ரொஸ்கோ, ஷோஃபீல்ட் என்ற ஆய்வாளர்கள் இருவருடன் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஈரக் களிமண் எந்தச் சுமையில் விட்டுக்கொடுக்கும் என்பதைப் பற்றியது. மலைச்சரிவில் குடியிருக்கும் நமக்கு இதைவிட நெருங்கிய விஞ்ஞானம் வேறு உண்டா?

அந்தக் கட்டுரையின் அடிப்படையை எளிதாக்கித் தந்த பேராதனை மாணவிக்கு நன்றி. கழுவிய ஆற்றுமணலைத் தண்ணீருக்குள்ளேயே தடித்த பலூனில் நிரப்பி, நன்றாகத் தட்டி இறுக்கி, வாயில் சேலைன் குழாய் ஒன்றைச் செருகி, குழாயில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கச் செய்தார். பலூனைப் பிசைந்தால் தண்ணீர் மேலே வரும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். கீழே இறங்குகிறது! இறுகிய மணிகள் அசைய வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். இடைவெளி பெருகி நீரை உறிஞ்சும். தளர்வான மணலில் இதற்கு நேர்மாறு. இடைவெளி சுருங்கி நீர் வெளியே தள்ளப்படும், வெளியேற வழி இல்லாவிட்டால் அழுத்தம் ஏறும், மணிகளின் பிடி விடும். எப்படித் தொடங்கினாலும் கடைசியில் இரண்டும் கனவளவு மாறாமல் வழுக்கும் ஒரே நிலைக்கு வந்து சேரும். உள்ளே காற்று இருந்தால் எல்லாம் குழம்பும் என்பதால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைப் பாவியுங்கள். தளர்ந்த மணல் நிரப்பிய பலூனைத் தூக்கி நடந்தாலே இறுகிவிடும். வைக்கும் மேசையிலேயே நிரப்புங்கள்.

மீரியபெத்தை மண்சரிவை, 2014 ஒக்டோபர் 29ஐ, எவரும் மறக்கவில்லை. அதனால் பக்கத்தில் ஒரு மழைமானியும் வைத்தோம். நேர்ச்சுவர்ப் போத்தலின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்து, அடியில் உள்ள குழியைச் சீமெந்தால் நிரவி, அடிக்கோலை ஒட்டிய பெற்றோருக்கு நன்றி. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேறு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் இந்த எல்லைகளைச் சிவப்பு மையால் எழுதினோம்.

மூன்றாமவர் ஜேம்ஸ் டெய்லர். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டவர். அங்கே முதலில் வராந்தா மேசையில், மணிக்கட்டு முதல் முழங்கைவரை வைத்துக் கையாலேயே கொழுந்து உருட்டினார்கள். அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பெயர் பலகையில் இல்லை. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டோம். உருட்டிக் காட்டியவர் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், 40 ஆண்டு நின்ற பெரியவர். வாடாத கொழுந்து உருட்டினால் துண்டாகும், கூட வாடினால் பொடியாகும், கைக்குள் பொத்தித் திறந்தால் பந்தாகவே நிற்பதுதான் பதம் என்று சொல்லிக் கொடுத்தார். சக்கரம் சுற்றும் முன் இயந்திரங்களின் காவல் தெய்வமான ரோதைமுனிக்குச் சூடம் கொளுத்தியதும் அவரே.

சக்கரம் பீலியடியிலேயே இருக்கிறது. இரவல் வேண்டுபவர்கள் முதலில் தங்கள் பீலியின் வாளிக் கணக்கையும் உயரத்தையும் அனுப்புங்கள். நுனித்துளையை அதற்கேற்ப மாற்றித் தருகிறோம். இலை தடுக்கும் வலையைத் தினமும் காலையில் துடைக்க ஒருவர் வேண்டும். இங்கே அதைச் செய்தது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். ஒரு நாளும் தவறவில்லை. அவர்களுக்கும் எங்கள் நன்றி.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவினர்