தோழியின் அம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். "பேரப்பிள்ளை வேண்டாம், மகள் நன்றாக இருந்தால் போதும்" என்று நீங்கள் சொன்னதாக உங்கள் மகள் சொன்னாள். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற அவள், குழந்தைக்காக மாத்திரையைச் சில காலம் நிறுத்தினால் நோய் திரும்பிவிடுமோ என்பதுதான் உங்கள் அச்சம். அவளுடைய சம்மதத்தோடு, பெயரைத் தவிர்த்து, இதைப் பொதுவில் எழுதுகிறேன். இதே அச்சத்தோடு இன்னும் பல தாய்மார் இருக்கிறார்கள்.

கீமோ நாட்களில் வாய்ப்புண்ணோடு கிடந்தவளுக்குக் காரமில்லாத கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டியவர் நீங்கள். இன்றும், நோய் திரும்பாமல் தடுக்கும் ஹார்மோன் சிகிச்சை மாத்திரையான டமாக்சிஃபென் அட்டையை எடுத்து, அன்றைய மாத்திரையை அவள் போட்டுவிட்டாளா என்று பார்த்த பிறகுதான் படுக்கிறீர்கள். அதை நிறுத்துவது என்ற பேச்சே உங்களை எவ்வளவு கலங்கச் செய்யும் என்பது எனக்குப் புரிகிறது.

உங்களை வாட்டும் அதே கேள்வியைத்தான் 'பாசிட்டிவ்' என்ற பன்னாட்டு ஆய்வு எடுத்துக்கொண்டது. ஹார்மோன் சார்ந்த, ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற, 42 வயதுக்கு மேற்படாத 500-க்கும் அதிகமான பெண்கள், 18 முதல் 30 மாதங்கள் வரை ஹார்மோன் சிகிச்சை எடுத்த பின், குழந்தைக்காக அதைச் சுமார் 2 ஆண்டுகள் நிறுத்திவைத்தார்கள். 2023-இல் வெளியான முடிவின்படி, 3 ஆண்டுகளில் அவர்களில் 8.9 சதவீதத்தினருக்கே மார்பகப் புற்றுநோய் மீண்டும் தலைகாட்டியது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட, முந்தைய ஆய்வுகளைச் சேர்ந்த அதே நிலைப் பெண்களிடம் அது 9.2 சதவீதம். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் குழந்தை பெற்றார்கள். 3 ஆண்டு என்பது குறுகிய காலம்தான், மறுக்கவில்லை. ஆனாலும், கருவுற்றால் நோய் திரும்பிவிடும் என்று முடிவுகட்டிவிட இதில் இடமில்லை.

வழி எளிதானது என்றும் சொல்ல மாட்டேன். சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோ மருந்துகள் கருமுட்டைகளின் இருப்பைக் குறைத்துவிடும். மாதவிலக்கு திரும்பிவிட்டதால் மட்டும் கருத்தரிக்கும் என்று நம்பிவிட முடியாது. மாத்திரையை நிறுத்தியதும் உடனே முயலக் கூடாது, குறைந்தது 3 மாதமாவது பொறுக்க வேண்டும். அவளுக்கு ஏற்றிய சிவப்பு நிறக் கீமோ மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் முன்னதாகவே எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்துக்கொள்வது அவசியம். பிள்ளைக்கும் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று உறவினர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். புற்றுநோய் அப்படித் தொற்றுவதில்லை. பரம்பரை மரபணு மாற்றம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதற்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது.

அடுத்த முறை அவள் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது தயவுசெய்து நீங்களும் உடன் செல்லுங்கள். அவளுடைய கட்டியின் தன்மைக்கும் நிலைக்கும், மாத்திரையை நிறுத்திவைக்கும் இந்த இடைவெளி பொருந்துமா என்று நேரில் கேளுங்கள். மருத்துவர் காத்திருக்கச் சொன்னால் அவள் காத்திருப்பாள். உங்கள் மனம் நோகுமே என்று அஞ்சி, கேட்காமலே திரும்பிவிடும் நிலை மட்டும் அவளுக்கு வர வேண்டாம், அம்மா.

அன்புடன்,
உங்கள் மகளின் தோழி