மெல்பர்ன் கோப்பையும் கோச்சு வண்டிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம் பற்றிய ஞாயிறு மலர்க் கட்டுரையில், 1861-ல் நடந்த முதல் போட்டியில் வென்ற ஆர்ச்சர் என்னும் குதிரை நியூ சவுத் வேல்ஸிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நடந்தே வந்ததாக எழுதப்பட்டிருந்தது. காலங்காலமாகச் சொல்லப்படும் கதைதான்; ஆனால் ஆர்ச்சர் சிட்னியிலிருந்து நீராவிக் கப்பலில்தான் வந்து சேர்ந்தது. மெல்பர்ன் அமைந்துள்ள விக்டோரியாவின் மக்கள் பெரிதும் நம்பிப் பணம் கட்டியிருந்த மார்மன் என்னும் குதிரையை, அது ஆறு குதிரை நீள இடைவெளியில் தோற்கடித்தது.

தரைவழிப் பயணத்தின் பெருமை உண்மையில் குதிரைகள் பூட்டிய கோச்சு வண்டிகளுக்கே உரியது. அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம். ஃபிரீமன் காப் உள்ளிட்ட நான்கு அமெரிக்கர்கள் தொடங்கிய ‘காப் அண்ட் கோ’ வண்டிகள், 1854 முதல் மெல்பர்னைத் தங்கவயல் ஊர்களோடு இணைத்தன. எஃகு வில்லுகளுக்குப் பதிலாகத் தடித்த தோல் வார்களின் மேல் அமர்ந்திருந்த வண்டிக்கூடு, பள்ளமும் மேடுமான தடத்தில் ஊஞ்சலாக ஆடியதே தவிர எளிதில் உடையவில்லை. வழியிலுள்ள நிலையங்களில் களைத்த குதிரைகளை அவிழ்த்துப் புதியவற்றைப் பூட்டியதால் வேகமும் குறையவில்லை. 1862-ல் பெண்டிகோ என்னும் தங்கவயல் ஊருக்கு ரயில் வந்த பிறகும், தண்டவாளம் எட்டாத ஊர்களுக்கு இவ்வண்டிகளே ஓடின.

ஆர்ச்சர் பற்றிய திருத்தத்தை அடுத்த ஞாயிறு மலரிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.