கரும்பலகைக்குக் கீழே யாரோ எழுதிய வசவு

ஏற்காடு
ஐப்பசி முதல் வாரம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதமும், அதோடு நீ வைத்திருந்த கரும்பலகைப் படமும் வந்தன. இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. காபிப் பழம் அங்கங்கே சிவந்திருக்கிறது, பறிப்பு கார்த்திகையில்தான் சூடு பிடிக்கும். மற்றபடி எல்லாரும் சௌக்கியம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சேலம் அஸ்தம்பட்டியில் உங்கள் தெருமுனைப் பலகையில் வாராவாரம் நீ எழுதுகிற சுற்றுச்சூழல் குறிப்புக்குக் கீழே, சிவப்புச் சாக்பீஸில் ஏழெட்டு வரி யாரோ திட்டி எழுதியிருக்கிறார்கள். "இனிமேல் எழுதவே வேண்டாம் போலிருக்கிறது" என்கிறாய். அந்த வரிகளை நான் நாலைந்து தரம் படித்தேன். சொல்லியிருக்கும் விதம் அசிங்கம், அதில் சந்தேகமில்லை. ஆனால் சொல்லியிருக்கும் சங்கதியில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறதடி. அதனால்தான் உனக்கு இவ்வளவு சுருக்கென்று குத்துகிறது என்று நினைக்கிறேன்.

ஒரு காரியம் செய். ஒரு நோட்டில் அந்த வரிகளை எழுதிக்கொள். பிறகு ஒவ்வொன்றிலும் வசவை மட்டும் அடித்துவிடு. "உன் நாத்தம் பிடிச்ச டிரம்மால தெருவே கெட்டுப்போச்சு, பெரிய மேதாவி" என்பதில் மிச்சம் நிற்பது "டிரம் நாறுகிறது" என்ற இரண்டே சொல். அதை மூக்கால் சோதிக்கலாம். மூக்காலோ, கண்ணாலோ, தராசாலோ சோதிக்க முடிகிற வரிக்கு மட்டும்தான் பதில். வசவை அடித்த பிறகு ஒன்றுமே மிஞ்சாத வரிக்கு ஈரத்துணிதான். துடைத்துவிட்டுப் போய்க்கொண்டே இரு.

முதலில் உன் உர டிரம்மின் நாற்றம். மக்கும் உரம் சரியாக நடந்தால் மழை விழுந்த மண் வாசனைதான் வரும். வேறு வாடை வந்தால் தப்பு நம்முடையது, திட்டியவருடையது அல்ல. மூன்று வாடையைப் பிரித்துப் பார். அழுகின முட்டை வாடை என்றால் உள்ளே காற்று இல்லை, ஈரம் மிஞ்சிவிட்டது. மூக்கில் சுள்ளென்று ஏறும் மூத்திர வாடை என்றால் அது அம்மோனியா. காய்கறிக் கழிவு அதிகம், சருகு போதவில்லை. பழைய சோற்றைப் போலப் புளித்த வாடை என்றால் சாதமும் பழத்தோலும் ஒரே இடத்தில் கட்டியாகக் கிடக்கின்றன. மூன்றுக்கும் முதல் மருந்து ஒன்றுதான்: எல்லாவற்றையும் வெளியே கொட்டி, கிளறி, காய்ந்த சருகோ மரத்தூளோ கலந்து திரும்பப் போடுவது. புளிப்புக்கு ஒரு கைப்பிடி விறகுச் சாம்பல் சேர்க்கலாம். சுண்ணாம்பு மட்டும் போடாதே, அது அம்மோனியாவைக் கிளப்பிவிடும், வாடை இரண்டு மடங்காகும்.

நாலு பேர் வீட்டில் தினம் ஏறக்குறைய ஒரு கிலோ ஈரக் கழிவு வரும். ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டிலிருந்து மூன்று கிண்ணம் நொறுக்கிய சருகு வேண்டும், அளவைக் கண்ணால் பார்த்தால் போதும், எடை வேண்டாம். ஈரத்துக்குக் கைதான் அளவுகோல். நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழி. விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு போடு, பிழிந்தும் உதிர்ந்து போனால் தண்ணீர் தெளி. படத்தில் உன் டிரம் தரையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அதுதான் காரணமாக இருக்கும். மூன்று செங்கல் மேல் தூக்கி வை, அடியில் ஏழெட்டு துளை போட்டு ஒரு தட்டு வை. பக்கவாட்டில் சுண்டுவிரல் நுழையாத அளவுக்குத் துளைகள், சாண் இடைவெளியில், சுற்றிலும். இந்த மழையில் மூடியிடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கினால் எத்தனை சருகு போட்டாலும் தேறாது, அதையும் பார்த்துக்கொள்.

"புழு நெளியுது" என்ற வரிக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தட்டையாக, பழுப்பாக, வரிவரியாக, அரிசியை விடப் பெரிதாக இருந்தால் அது படைவீரன் ஈயின் புழு. கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். வளர்ந்த ஈ நம் சாப்பாட்டில் வந்து உட்காராது. வெள்ளையாக, ஒரு பக்கம் கூராக, மெலிதாக இருந்தால் வீட்டு ஈயின் புழு. அப்படியானால் அந்த வரியை எழுதியவர் சொல்வது நியாயம். புதுக் கழிவு வெளியே தெரியாதபடி மேலே மூன்று விரல் கனத்துக்குச் சருகு மூடி வைத்தால் இரண்டு வாரத்தில் அடங்கும்.

அடுத்தது கொசு. இதை நான் மிகவும் கவலையோடு எழுதுகிறேன். "உன் மழைத்தண்ணி டிரம்தான் டெங்கு வளர்க்குது" என்ற வரிக்கு நீ கோபமாக ஏதும் எழுதுவதற்கு முன்னால், டிரம்மைத் திற. வெள்ளைக் கிண்ணத்தில் ஓரத்துத் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பார். துள்ளித் துள்ளிக் கீழே இறங்குகிற துரும்பு ஏதாவது தெரிந்தால் அந்த மனிதர் சொன்னது சரி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை, நல்ல தண்ணீரில்தான் முட்டை வைக்கும். நம் ஊர்ச் சூட்டில் முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் உட்சுவரில் கரும்புள்ளியாக ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் ஏறும்போது பொரியும். தேங்காய் நார் கொண்டு சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும், வாரத்துக்கு ஒரு தரம், கிழமை தவறாமல். டிரம்மின் வாயில் கொசுவலைத் துணியை எலாஸ்டிக் போட்டுக் கட்டு. நிரம்பி வழியும் குழாயின் நுனியிலும் வலை கட்ட வேண்டும், அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறோம். மேட்டூர்த் தண்ணீரைப் பிடித்து வைக்கும் டிரம் உங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு இருக்கும். "உங்கள் டிரம்மைப் பாருங்கள்" என்று பதிலில் எழுதத் தோன்றும். எழுதாதே. உன் டிரம்மைக் கழுவுகிற கிழமையை எழுது, அது போதும்.

"ஒரு டிரம் வச்சிட்டு மழைநீர் சேகரிப்புன்னு பீத்தல்" என்பதும் கணக்குப்படி சரியாகத்தான் இருக்கிறது. ஆயிரம் சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். சிந்தியது, காய்ந்தது போக நூற்றுக்கு 85 கைக்கு வரும் என்று வை. இரண்டரை மில்லிமீட்டர் மழையிலேயே 200 லிட்டர் டிரம் நிரம்பிவிடும். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏறக்குறைய 2,000 லிட்டர் வரும், அதில் பத்தில் ஒன்றுதான் உன் டிரம்மில் நிற்கும். மீதி சாக்கடைக்குத்தானே போகிறது? வழிகிற குழாயை மழைநீர்க் குழிக்குத் திருப்பு. 2003லேயே தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கியதுதான், உன் வீட்டிலும் குழி இருக்கும், மேலே மண் மூடியிருக்கும். மேல் மணலை ஒரு சாண் அள்ளிப் புது மணல் போட்டால் மறுபடி இறங்கும். பிறகு பலகையில் "டிரம் செடிக்கு, குழி கிணற்றுக்கு" என்று எழுதலாம்.

இப்போது எனக்கே வருத்தம் தந்த வரி. "உன் எலுமிச்சைத் தண்ணியால என் கடப்பாக்கல் போச்சு." எலுமிச்சைத் தோலைப் புளிக்க வைத்துத் துடைக்கும் தண்ணீர் செய்ய நீ எழுதியிருந்த குறிப்பில் அளவு சரிதான்: வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று, தண்ணீர் பத்து, மூன்று மாதம், முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடுவது. ஆனால் "எல்லா இடத்துக்கும் நல்லது, கிருமியெல்லாம் சாகும்" என்று முடித்திருக்கிறாய். அது தப்பு. அந்தத் தண்ணீர் காடியைப் போன்ற புளிப்பு. கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல், பளிங்கும் அதே இனம். புளிப்பு பட்டால் மேல்பரப்பு கரைந்து, கறுப்புப் பளபளப்புப் போய், சாம்பல் பூத்தாற்போல ஒரு வட்டம் நிற்கும். எண்ணெய் தடவினால் இரண்டு நாள் மறையும், மறுபடி பாலிஷ் போட்டால்தான் உண்மையில் போகும். சோதிக்க வழி சுலபம்: சமையல் மேடையின் கண்ணுக்குத் தெரியாத மூலையில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடை. வட்டம் மங்கினால் அந்தக் கல்லுக்கு ஆகாது. கிரானைட்டுக்கும் பீங்கான் ஓட்டுக்கும் லிட்டருக்கு 50 மில்லி கலந்து துடைக்கலாம், தடையில்லை. இன்னொன்றைப் பெரிய எழுத்தில் எழுது: இதைப் பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் கலக்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். கிருமிநாசினி என்ற சொல்லையும் எடுத்துவிடு, அது கிருமிநாசினி இல்லை. இந்த ஒரு வரிக்கு மட்டும் நீ நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். யாருடைய மேடை என்று தெரிந்தால் போய்ப் பார்த்துவிடு.

புதுத் துணிப்பை கொடுப்பதில் பிரயோஜனமில்லை என்று எழுதியவர் விவரம் தெரிந்தவர். 2018ல் டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை ஓர் ஆய்வு வெளியிட்டது. புதிதாக நெய்த பருத்திப் பை, பருவநிலைக் கணக்கில் மட்டும் சாதாரணப் பிளாஸ்டிக் பையோடு சமமாவதற்கே 52 தரம் பயன்பட வேண்டும். எல்லாப் பாதிப்பையும் சேர்த்தால் 7,100 தரம். தினம் ஒரு தரம் என்றாலும் 19 வருடத்துக்கு மேல். அங்கே பிளாஸ்டிக் பையைக் குப்பை உறையாக ஒரு தரம் பயன்படுத்தி எரித்துவிடுகிறார்கள். சாக்கடையை அடைக்கிற, மாடு தின்கிற பிளாஸ்டிக் அந்தக் கணக்கில் இல்லை, நம் ஊருக்கு அதுதான் பெரிய கணக்கு. ஆனால் மூலைக்கு மூலை இலவசமாகப் புதுப்பை கொடுத்து வீட்டில் இருபது பை சேர்ப்பது பிரயோஜனமில்லை என்ற அளவில் அவர் சொல்வது நியாயம். மஞ்சப்பை என்றால் இருக்கிற பை கிழியும்வரை என்று எழுது. பழைய ஐந்தரை மீட்டர் நூல்சேலை ஒன்றில் 95க்கு 45 சென்டிமீட்டர் துண்டு பத்து வரும், ஓரத்தில் மிஞ்சும் நாடா கைப்பிடிக்கு ஆகும். அதற்குப் புதுப் பருத்தி ஒரு இழைகூட வேண்டாம்.

"ஊருக்கு உபதேசம், நீ மட்டும் ஸ்கூட்டர்ல போற" என்ற வரிக்கு "ஆமாம், போகிறேன்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. உன்னையும் உன் வீட்டு மனிதர்களையும் இழுத்து எழுதிய கடைசி வரியை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு துடைத்துவிடு. மறுபடி அதே மாதிரி மிரட்டலாக வந்தால் குடியிருப்போர் சங்கத்தில் காட்டு, அதற்கும் அடங்காவிட்டால் காவல் நிலையம். யார் கையெழுத்து என்று தேடி அலையாதே. அதில் இறங்கினால் தெருவில் நாலு பேர் மேல் சந்தேகம் வரும், உனக்குத் தூக்கம் போகும்.

பதிலை அன்றைக்கே எழுதாதே. ஓர் இரவு போகட்டும், முதலில் டிரம்மைக் கழுவு, செங்கல் வை. செய்து முடித்ததைத்தான் எழுத வேண்டும், செய்யப்போவதை அல்ல. நாலைந்து வரிக்கு மேல் வேண்டாம். இப்படி வைத்துப் பார்:

"உர டிரம்மில் வாடை வந்தது உண்மை. அடியில் துளை போட்டு, சருகு சேர்த்துச் சரிசெய்திருக்கிறோம். மழைநீர் டிரம்முக்கு வலை கட்டியாயிற்று; ஞாயிறு காலை 7 மணிக்குக் கழுவுகிறோம், வந்து பார்க்கலாம். எலுமிச்சைத் தோல் தண்ணீரைக் கடப்பாக்கல், பளிங்கு மேல் ஊற்ற வேண்டாம். முன்பு எழுதியது தவறு."

"சிலர் சொல்வது போல", "மனம் புண்பட்டாலும்", "இருந்தாலும் நல்ல நோக்கத்தோடு" என்கிற மாதிரி எதுவும் இதில் நுழையக் கூடாது. நோக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, வாடையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். "ஆனால்" என்ற சொல் வந்தால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடு. சிவப்புச் சாக்பீஸ் பிடித்தவர் மனம் மாறுவாரா என்பது நம் கையில் இல்லை. பால் வாங்கப் போகிற வழியில் நின்று படிப்பவர்கள் இருக்கிறார்களே, ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வந்து எட்டிப் பார்த்தால் அடுத்த வாரக் குறிப்புக்கு அது போதும்.

சனிக்கிழமை எங்கள் தோட்டத்து ஜீப் கீழே இறங்குகிறது. அதில் இரண்டு சாக்கு காபி உமியும் ஒரு சாக்கு சில்வர் ஓக் சருகும் அனுப்புகிறேன். உமியை அப்படியே போடலாம். சில்வர் ஓக் சருகு தோல் மாதிரி இருக்கும், மக்க நாளாகும், காலால் மிதித்து நொறுக்கிப் பாதிக்குப் பாதி உன் வேப்பஞ்சருகோடு கலந்துகொள். சாக்கை மழைச்சாரல் படாத இடத்தில் வை. காலிச் சாக்கை மடித்து அதே ஜீப்பில் கொடுத்துவிடு, பறிப்புக்கு வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி