‘ஒன்றும் இல்லை’ என்ற வரியைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பகுதியில், ‘வலிப்பு வந்தவருக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, அதில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் நிம்மதியாக மாத்திரையைத் தொடரலாம்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதைப் படித்த என் தங்கை இதழை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்த ‘ஒன்றும் இல்லை’தான் அவளுடைய இளமையின் பெரும்பகுதியைத் தின்றது.

அவளுக்கு வருவது கீழே விழுந்து கை கால் உதறும் வலிப்பு அல்ல. ‘வயித்துலேர்ந்து என்னமோ மேலே ஏறுதுண்ணே’ என்பாள். அடுத்த நொடி பார்வை நிலைகுத்திவிடும், வாய் சப்புக்கொட்டும், இடது கை துப்பட்டாவின் நுனியைக் கசக்கிக்கொண்டே இருக்கும். தாண்டிக்குடியிலிருந்து மலையிறங்கி, வத்தலக்குண்டு வழியாக மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். சீட்டில் ‘மயக்கம்’ என்ற ஒரு சொல்தான் எழுதப்பட்டிருந்தது. குழந்தைப் பருவத்தில் காய்ச்சலோடு நெடுநேரம் வலிப்பு வந்ததைச் சொல்ல வாயெடுத்தபோது, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ‘இயல்பான மூளை’ என்று ரிப்போர்ட் வந்தது. அதன் பிறகு பார்த்த மருத்துவர்கள் எல்லாரும் அந்தக் காகிதத்தைப் புரட்டிவிட்டு, மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று அவளைத்தான் கடிந்துகொண்டார்கள்.

பல ஆண்டுகள் கழித்து, வலிப்புக்கென்றே உள்ள ஒரு மையத்தில் காந்த வலிமை மிகுந்த 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவியில் மறுபடி படம் எடுத்தார்கள். மூளையில் காதுக்கு மேலே உள்ள பொட்டு மடலின் இடப்பக்கத்தில், நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சுருங்கித் தழும்பேறியிருந்தது. இரு பக்கத்தையும் திரையில் அருகருகே வைத்துக் காட்டியபோது, மருத்துவம் அறியாத எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

வழக்கமான தலை ஸ்கேனில் படங்கள் 5 மில்லிமீட்டர் தடிமனில், நடுவே இடைவெளி விட்டு எடுக்கப்படுவதுண்டு. மூளைப் புறணியின் மடிப்புக்கு அடியில், கருவிலேயே பிசகி வளர்ந்த ஒரு சிறு திட்டு அதில் தப்பிவிடும். காப்பிப் பழத்தில் காய்த்துளைப்பான் போட்ட ஓட்டையைப் பழத்தைத் திருப்பிப் பார்க்காமல் எப்படிக் காண்பது? ஆகவேதான் சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகத்தின் குழு 2019இல் ஒரு முறையைப் பரிந்துரைத்தது: இடைவெளியே இல்லாத 1 மில்லிமீட்டர் முப்பரிமாணப் படங்கள், அவற்றோடு ஹிப்போகாம்பஸுக்குக் குறுக்குவெட்டாக ஒரு தொகுதி. எந்த வகை வலிப்பு என்பதை அறிந்தவர் அப்படங்களைப் பார்ப்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மாத்திரை மட்டும் போதுவதில்லை. இரண்டு சரியான மருந்துகள் பலிக்காதவர்களை அறுவை சிகிச்சைக்குத் தகுதியுள்ளவர்களா என்று பார்க்க வேண்டும். பொட்டு மடல் வலிப்புள்ள 80 பேரிடம் கனடாவில் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பு நின்றது அறுவைப் பிரிவில் 58 சதவீதம் பேருக்கு, மருந்துப் பிரிவில் 8 சதவீதம் பேருக்கு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகத்தில் இந்த அறுவை 1995 முதல் நடக்கிறது. தாங்கள் அறியாததல்ல. ஆனால் ‘ஒன்றும் இல்லை’ என்ற காகிதத்தோடு வீட்டில் இருப்பவரை அங்கே யார் அனுப்புவார்கள்?

ஊரில் அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தவர்கள் உண்டு. சுற்றுலாவுக்கு வர வேண்டாம் என்று பள்ளியில் ஒதுக்கினார்கள். திருமணத்துக்குத் தடையான காரணங்களிலிருந்து வலிப்பை 1999இல் சட்டம் நீக்கிய பிறகும், பெண் பார்க்க வந்தவர்கள் விஷயம் கேட்டதும் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்தார்கள். படித்தவர்களின் இதழும் அவர்களோடு சேர்ந்துகொண்டதாகத்தான் எங்களுக்குத் தோன்றுகிறது. சென்ற ஆண்டு சாவிக்கொத்தைப் பற்றி நான் எழுதிய கடிதத்தையும் தாங்கள் வெளியிடவில்லை.

அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம் போட்டால் போதும். வலிப்பு நிற்காதவர்கள், மேலே சொன்ன முறையில் எடுக்கும் ‘எபிலெப்சி புரோட்டோகால் எம்.ஆர்.ஐ.’ என்று சீட்டில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும், வலிப்பு எப்படி வருகிறது என்பதையும் அதில் எழுதச் சொல்ல வேண்டும், பழைய படங்களைத் தூக்கிப் போடாமல் எடுத்துச் செல்ல வேண்டும் என்பவை அதில் இடம்பெறட்டும். மருத்துவப் பகுதியிலேயே, அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாண்டிக்குடி